ஏழரை இஞ்ச் குழல்

எங்கள் தீவில் வெண்டெலின் துப்பாக்கிக் கடைக் கண்ணாடி மேசைமேல் இரண்டு ரிவால்வர்கள் கிடந்தன. இரண்டும் ஒரே வார்ப்பு, ஒரே பெரிய குண்டு. ஒன்றுக்கு நாலு இஞ்ச் குழல், இன்னொன்றுக்கு ஏழரை. என் கணவன் ஆர்னி நாலு இஞ்சைத் தொட்டும் பார்க்கவில்லை. ஏழரையைப் பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்தான்.

இரண்டு கையால் எடுத்ததற்கு ஆசை மட்டும் காரணமில்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் படகில் நண்டுக் கூண்டு ஒன்று ஆடி வந்து அவனுடைய வலது தோளில் இடித்தது. எலும்பு கூடிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. மேல் தட்டில் இருந்த காப்பி டின் ஒருநாள் தானாகக் கீழ்த் தட்டுக்கு இறங்கி வந்திருந்தது. தொப்பியை இடது கையால் மாட்ட ஆரம்பித்தான். ரைபிள் சுட்டால் தோளில் விழும் உதை தாங்கவில்லை என்பதை மட்டும் ஒத்துக்கொண்டான். அதனால்தான் இந்த ரிவால்வர் வேட்டை யோசனை.

"நாலு இஞ்சுல மானைச் சுடணும்னா, கிட்ட போயி அது காதுல சொல்லிட்டுத்தான் சுடணும்" என்றான். "குழல் நீளமா இருந்தா குறி நிக்கும், குண்டு வேகமாப் போகும். அண்ணே, நீங்களே சொல்லுங்க."

வெண்டெலுக்கு எந்தத் துப்பாக்கி விற்றாலும் சந்தோஷம்தான். "மானுக்குன்னா நீளம். கரடிக்குன்னா குட்டை. ரெண்டுக்கும்னா ரெண்டையும் எடுத்துக்கோ" என்றார்.

"கரடி வந்தா?" என்று கேட்டேன்.

"வந்தா இதாலயும் சுடலாம், மத்ரோனா" என்றான் ஆர்னி.

"சுடலாம். முதல்ல அது உறைய விட்டு வெளிய வரணுமே."

உடனே காட்டுகிறேன் பார் என்று மார்பு உறையை மாட்டிக்கொண்டான். இந்தத் தீவில் எல்லோரும் ரிவால்வரை மார்பில்தான் கட்டுவோம். இடுப்பில் கட்டினால் முதுகுப் பையின் வார் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். மெல்லிய சட்டையோடு, முதுகில் பை இல்லாமல், கணப்புச் சூட்டில் நின்று ஆர்னி துப்பாக்கியை உருவினான். வெண்டெல் விசில் அடித்தார்.

நான் கையைப் பார்க்கவில்லை, உடம்பைப் பார்த்தேன். குழல் நீளமாக இருந்தால் முழங்கை தோளுக்கு மேலே போக வேண்டும். ஆர்னியின் முழங்கை மார்போடு நின்றுவிட்டது. மிச்சத்துக்கு முன்னால் குனிந்து, இடுப்பை இடதுபக்கம் ஒடித்து, துப்பாக்கியிலிருந்து உறையைக் கழற்றினான். திருட்டு வேலை. அதை அவ்வளவு லாவகமாகச் செய்தான் என்றால் வீட்டில் நான் இல்லாதபோது பழகியிருக்கிறான் என்று அர்த்தம்.

"இன்னொரு தடவ எடு" என்றேன். "குனியாம எடு."

"வீட்ல போயி பேசிக்கலாம்."

"வீட்ல கரடி இல்ல. இங்கயே எடு."

வெண்டெல் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஆர்னியின் காது மடல் சிவந்துவிட்டது. "பொண்டாட்டியக் கூட்டிட்டுத் துப்பாக்கி வாங்கப் போகாதன்னு எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்றான்.

"உங்கப்பாகிட்ட எந்தப் பொண்டாட்டியும் தங்கலையே, ஆர்னி."

வெண்டெல் சிரித்தார், ஆர்னியும் சிரித்தான். சிரிப்போடு சிரிப்பாக ஏழரை இஞ்சைக் கட்டித் தரச் சொல்லிவிட்டான். ஊர் முன்னால் கை தூக்கிக் காட்டுவதைவிடச் சாவது சுலபம் என்று நினைக்கிற சாதி ஆண்பிள்ளைகள். எனக்குக் கோபம் வந்தது. அதற்கு அடியில் இருந்தது பயம். வண்டியில் போகும்போது அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"எனக்குப் பயமா இருக்குய்யா."

"உனக்கு எப்பவும் எதுக்காவது பயம்" என்று வைப்பரைப் போட்டான்.

அக்டோபர் கடைசியில் வேட்டைக்குப் போனோம். என் பங்கு மானை நான் முன்பே அடித்துக் குளிர்ப்பெட்டியில் போட்டிருந்தேன். அதனால் ரைபிளை வீட்டில் வைத்துவிட்டுச் சுமை தூக்க மட்டும் வந்தேன். இடுப்பில் கரடிக்கான மிளகாய் ஸ்ப்ரே. சாரல் விட்டு விட்டு அடித்தது. ஆல்டர் புதர் இலை உதிர்த்திருந்தாலும் உள்ளே பார்க்க முடியாத அடர்த்தி.

மேட்டின் உச்சியில் ஒரு கிடா மான் நின்றது. ஆர்னி உட்கார்ந்து, முதுகுப் பையை முன்னால் வைத்து, அதன்மேல் அந்த நீளக் குழலைச் சாய்த்துக் குறி பார்த்தான். அவ்வளவு தூரத்துக்கு நானே ரைபிள் கேட்டிருப்பேன். ஒரே குண்டு. கிடா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. பொய் சொல்லக்கூடாது, அழகான வெடி.

"நாலு இஞ்சுல இது ஆகுமா? சொல்லு" என்றான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"ஆகாது. கத்திய எடு, சீக்கிரம்."

சீக்கிரம் என்றதற்குக் காரணம் உண்டு. எங்கள் தீவில் கரடிக்குத் துப்பாக்கிச் சத்தம் சாப்பாட்டு மணி. ஒரு வெடி கேட்டால் எங்கேயோ ஒரு மான் விழுந்திருக்கிறது, குடல் கிடக்கிறது என்று அதற்குத் தெரியும். மூக்கு தேவையில்லை, காதே போதும். நாங்கள் வாய் பேசாமல் அறுத்தோம். தலைக்குமேல் இரண்டு அண்டங்காக்கைகள் கத்திக்கொண்டே இருந்தன. இறைச்சியை இரண்டு பையிலும் நிரப்பினோம். ஆர்னி பாரமான பையை எடுத்துக்கொண்டான். இடுப்பு வாரை இறுக்கி, மார்பு வாரையும் உறைக்குமேல் குறுக்கே மாட்டிப் பூட்டினான்.

"அந்த வார் துப்பாக்கிமேல உக்காருது" என்றேன்.

"கழட்டினா பை தோள்ல ஆடும். தோள் வலிக்கும்." தோள் வலிக்கும் என்று அவன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

இறங்கினோம். அவன் முன்னால், நான் பின்னால். காற்று எதிரே கீழிருந்து வீசியது. பாதி வழியில் காக்கைகள் நின்றுவிட்டன. பறந்து போகவில்லை. மரத்தில் உட்கார்ந்தபடி எங்களுக்கு முன்னால் இருந்த பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆர்னி நின்றான்.

கரடி பாதையின் நடுவில் இருந்தது. எதிர்காற்று என்பதால் எங்கள் வாசனை அதற்குப் போகவில்லை, வெடிச் சத்தத்தைத் தேடி மேலே ஏறி வந்திருக்கிறது. பெரிய பெண் கரடி, முதுகெல்லாம் ஈரம். ஒரு தடவை பல்லை நறநறவென்று கடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. ஸ்ப்ரேயில் கை வைத்தேன். அடித்தால் அந்தக் காற்றில் எங்கள் கண்ணில்தான் விழும்.

ஆர்னி துப்பாக்கியைப் பிடித்தான். முழங்கை மேலே வந்தது, மார்போடு நின்றது. குழலின் கடைசி இரண்டு விரல் நீளம் உறைக்குள் மாட்டிக்கொண்டது. கடையில் செய்ததுபோல் குனியப் பார்த்தான். முதுகில் அரை மான் இருந்தது. குனிந்ததும் சுமை தலைக்குமேல் சரிந்து அவனைக் குப்புறத் தள்ளப் பார்த்தது. நிமிர்ந்தான். மறுபடி இழுத்தான். கரடி தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்க ஆரம்பித்தது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். அவனைச் சுற்றி முன்னால் வந்து, கரடிக்கு முதுகைக் காட்டி நின்று, மார்பு வாரின் பூட்டை அழுத்தினேன். வார் தெறித்தது. துப்பாக்கிப் பிடியைப் பிடித்து என் பக்கமாக இழுத்து உருவினேன். அதற்குள் அவன் கண் மாறிவிட்டது. கரடி ஓட ஆரம்பித்துவிட்டது என்று அந்தக் கண்ணிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

"திரும்பாத" என்றான். "குடு."

கையில் கொடுத்தேன். அவன் கை மார்புக்கு மேலே போகாது. என் தோள் அவன் மார்பு உயரம். நீளக் குழலை என் இடது தோளில் வைத்தான்.

"மூச்ச நிறுத்து, மத்ரோனா."

அடுத்தது சத்தமே இல்லை. வெள்ளையாக ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. கழுத்துப் பட்டை பொசுங்கும் வாசனை வந்தது. அவன் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பாதையில் கரடி இல்லை. புல்லில் ரத்தம் இருந்தது. அந்தக் கோடு இடதுபக்கம் ஆல்டருக்குள் போயிருந்தது.

இரண்டு பையையும் அங்கேயே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினோம். வீட்டில் ஆர்னி என் கழுத்துக்கு மருந்து போட்டான். பாதி மருந்து சட்டையில்தான் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் வெண்டெல் கடைக்குப் போனோம். காயம்பட்ட கரடியைக் காட்டில் விட்டுவிட்டு யாரும் இங்கே தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சுட்டவன் திரும்பிப் போய் முடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாதையில் அடுத்து நடப்பவன் அதற்குப் பதில் சொல்வான். வனத்துறைக்குப் போன் செய்தாயிற்று. அவர்களுடைய ஆள் தீவின் மறுகோடியில் இருந்தார், மழையில் விமானம் எழும்பாது. என் வலது காது தெளிந்துவிட்டது. இடது காதில் கொதிக்கும் கெட்டில் மாதிரி ஒரு இரைச்சல், அதைத் தவிர ஒன்றுமில்லை.

வெண்டெல் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "நாலு இஞ்சா இருந்திருந்தா குழலோட வாய் சரியா உன் காதுக்கு நேரா இருந்திருக்கும், தங்கச்சி. பாதி மூஞ்சி போயிருக்கும். நீளமா இருந்ததால தாண்டி வெடிச்சிருக்கு."

ஆர்னி என்னைப் பார்த்தான். ஜெயித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அடித்திருப்பேன்.

"அந்த நாலு இஞ்ச எடுங்க அண்ணே" என்றேன்.

"ஆர்னிக்கா?"

"எனக்கு. ரைபிளத் தூக்கிட்டு அந்தப் புதருக்குள்ள நுழைய முடியாது, கிளையெல்லாம் பிடிச்சு இழுக்கும்."

"சுட்டது நான்" என்றான் ஆர்னி. "நான் போறேன்."

"எப்படிப் போவ?"

கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், மீன் தொழிற்சாலைக்காரர்கள். தோட்டா பார்ப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்னி அவர்களையும் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வலது கையைத் தூக்கினான். கை மார்புவரை வந்து நின்றது. நெற்றி வியர்த்தது. "இதுக்கு மேல வராது, அண்ணே" என்றான். "போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துலேர்ந்து வரல."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வெண்டெலிடம் முதுகுப் பை ஒன்று கேட்டேன். அதில் பாரத்துக்கு ஈயக் குண்டு மூட்டைகளைப் போட்டு, மழைக் கோட்டின்மேல் எல்லா வாரையும் பூட்டி, உறையை மாட்டி, குனியாமல் உருவிப் பார்த்தேன். மார்பு வார் தடுத்தது. உறையை இறக்கிக் கட்டினேன். வந்தது. மறுபடி செய்தேன். மறுபடியும் வந்தது.

மத்தியானம் மேட்டில் வெண்டெல் ரைபிளோடு நின்றார். கரடி வெளியே வந்தால் அவர் பொறுப்பு. உள்ளே நான் முன்னால், முதுகில் மருந்துப் பெட்டியும் கயிறும் இருந்த பை. ஆர்னி பின்னால், ஏழரை இஞ்சை உறையில் வைக்காமல் வலது கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். எனக்கு ஒரு காதால் சத்தம் கேட்குமே தவிர, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாது. அதனால் பேசி வைத்துக்கொண்டோம். அவன் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வருவான். எந்தப் பக்க வாரை இழுக்கிறானோ, அந்தப் பக்கம்.

நேற்றுப் போட்ட பைகள் கிழிந்து கிடந்தன. இறைச்சி ஒரு துண்டும் இல்லை. காயம்பட்ட பிறகு இரவில் திரும்பி வந்து தின்றிருக்கிறது. அதாவது தூரமாகப் போகவில்லை. மழை ரத்தத்தைக் கழுவியிருந்தது. ஆல்டருக்குள் குனிந்து நுழைந்தோம். கிளைகள் கோட்டை உரசின. காக்கைகள் எங்கேயும் கத்தவில்லை. என் காதில் இரைச்சல் மட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் ஆர்னியின் மூச்சு.

"மத்ரோனா" என்றான், மெதுவாக. "அன்னிக்குக் கடையில நீ கேட்டப்பவே..."

"அப்புறம் சொல்லு."

இன்னும் கொஞ்ச தூரம் போனோம். ஒரு இடத்தில் புல் படுத்திருந்தது. கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது.

இடது வார் இழுபட்டது.

திரும்பிக்கொண்டே மார்புக்குக் கையைக் கொண்டுபோனேன். துப்பாக்கி எங்கும் தடுக்காமல் கைக்கு வந்தது.