நாற்பது அட்டைகளையும் திருத்தியவன்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, என் தப்பில் பிறந்தது. அதனால் நாயகனை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று எழுத எனக்குத் தைரியம் போதாது.

தொடங்குகிறேன். அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒழிந்த நேரத்தில் கதை எழுதுவான். மனைவி நர்ஸ். நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு ஜெர்மன் வாய்மொழித் தேர்வு. போன தடவை இரண்டே மதிப்பெண்ணில் கோட்டைவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால், ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்காக வைத்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

(அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், அழகு பார்க்க நேரமில்லை.)

2

ஜெர்மனில் ஒரு வசதி உண்டு. 'நோயுற்ற' என்ற பெயரடையை எடுத்து, முதலெழுத்தைப் பெரிதாக்கி, தக்க வாலை ஒட்டினால் போதும். அது ஆளாகிவிடும். 'டேர் கிராங்கெ' என்றால் அந்த நோயாளி. ஆனால் பெயர்ச்சொல் ஆன பிறகும் அதற்குப் பழைய புத்தி போகாது. முன்னால் நிற்கும் சொல்லைப் பார்த்து வாலை மாற்றிக்கொள்ளும். 'ஒரு நோயாளி' என்றால் 'ஐன் கிராங்கர்'.

அவனுக்கு இது தெரியாது. மனைவி மனப்பாடம் செய்ய அட்டைகள் எழுத உட்கார்ந்தவன், ஒரே சொல் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக இருப்பதைப் பார்த்தான். அச்சுப்பிழை என்று முடிவுகட்டினான். பதினெட்டு வருஷமாகப் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? நாற்பது அட்டைகளிலும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டான். 'ஐன் கிராங்கெ'. நோயாளி, உறவினர், தெரிந்தவர், இறந்தவர், ஒருவரையும் விடவில்லை.*

* மேதாவி! அந்த வேகத்தில் புத்தகத்திலும் பேனாவால் திருத்தி வைத்தான்.

டியூட்டி முடிந்து வருகிறவளுக்குப் புத்தகம் புரட்ட நேரமேது? பஸ்ஸிலும் சமையலறையிலும் அந்த அட்டைகள்தான்.

3

திங்கட்கிழமை அடுத்த பாடத்தைப் புரட்டியபோது அவனுக்கு விஷயம் தெரிந்தது. இன்று புதன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஏன்? வெட்கத்தால் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். கடைசி நேரத்தில் அவளைக் குழப்ப வேண்டாமே என்கிற நல்லெண்ணத்தில்... சீ, இதையும் அடிக்கிறேன்.

தேறிவிட்டால் அவள் போய்விடுவாள். முதல் இரண்டு வருஷம் தனியாகத்தான் இருக்க வேண்டுமாம். அவள் போகக் கூடாது என்று அவனுக்கு ஆசை, அவ்வளவுதான். அதற்கு அவன் எதுவும் செய்யக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

4

மத்தியான நேரம். பக்கத்து அறையில் அவள் நடந்தபடியே ஒப்பிக்கிறாள். "ஐன் கிராங்கெ... ஐன் கிராங்கெ..." ஒவ்வொரு தடவையும் என் பேனா நின்றுவிடுகிறது.

(பார்த்தீர்களா, 'என்' வந்துவிட்டது. இனி அடித்து என்ன பயன்?)

"ஏங்க, கதை முடிஞ்சுதா?"

"இல்ல. முடிவு வரமாட்டேங்குது."

"நீங்க என்னைக்கு ஒழுங்கா முடிச்சிருக்கீங்க! சீக்கிரம் வாங்க. நாலு அட்டை கேட்டீங்கன்னா கொஞ்சம் தைரியம் வரும்."

"இதோ, அஞ்சு நிமிஷம்."

5

முடிவு ஒன்று. சொல்லிவிடுகிறான். அவள் கத்துகிறாள், அழுகிறாள், ஒரே நாளில் நாற்பதையும் மாற்றிப் படிக்கிறாள். அந்தப் பதற்றத்தில் தெரிந்ததும் மறந்துபோகலாம். (இப்படிச் சாக்குச் சொல்வது நான்தான், அவன் இல்லை.)

முடிவு இரண்டு. சொல்லவில்லை. தோற்றுத் திரும்புகிறவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, "போனா போகுது விடு" என்கிறான். இந்த ஆளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டீ மட்டும் நன்றாகப் போடுவான்.

முடிவு மூன்று. அவள் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். அவன் பேனாத் திருத்தத்தையும் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் வேண்டுமென்றே தப்பாக ஒப்பிக்கிறாள், இவன் வாயைத் திறக்கிறானா பார்ப்போம் என்று. கதை எழுதுகிறவனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. புருஷனுக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

6

வந்துவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து, அட்டைக்கட்டை என் கையில் திணித்தாள். மேலே இருந்த அட்டையின் தமிழ்ப் பக்கத்தைக் காட்டினேன். 'ஒரு நோயாளி.'

"ஐன் கிராங்கெ," என்றாள். முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அட்டையைத் திருப்பி என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"என்னங்க? சரியா, தப்பா?"

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீங்களே அவளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள்.