ஊபர்வாலா

ஷர்மிளா டீ டம்ளரோடு வாசலுக்கு வந்தபோது, மெக்கானிக் கவுஸ் பாய் கார் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்து, ஸ்க்ரூ டிரைவரால் எதையோ தளர்த்திக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி. உள்ளே ஹாலில் அவளுடைய மாமனார் தேவசகாயம் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதும் வாசல்வரை கேட்டது. அது நிற்கும்போதெல்லாம் அவளும் ஒரு கணம் நின்றாள்.

நேற்று சாயங்காலம் இதே காரில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார்கள். நாச்சாரம் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து வெள்ளையாக ஆவி அடித்தது. அவள் கணவன் டேனியல் நடுரோட்டில் நின்று கையை ஆட்டி ஓர் ஆட்டோவை நிறுத்துவதற்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. "கொஞ்சம் முன்னால வந்திருந்தா," என்று ஆரம்பித்த டாக்டர் அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைத்தான் டேனியல் ராத்திரி முழுக்க முடித்து முடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் கவுஸ் பாயே போய் வண்டியைக் கட்டி இழுத்துவந்தார். அத்தை சொல்லிவிட்டாள். "அவர் வண்டியிலதான் கல்லறைக்கு வருவேன்." நேற்றிலிருந்து அத்தை கனகவல்லியின் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை அது.

கவுஸ் பாய் கிளாம்பை ஒதுக்கி, ரப்பர் குழாயை இப்படியும் அப்படியும் முறுக்கி உருவினார். முழங்கை மாதிரி வளைந்த கறுப்பு ஹோஸ். நடுவில் நன்றாகத்தான் இருந்தது. கிளாம்ப் பிடித்திருந்த ஓரம் மட்டும் அழுகின கத்தரிக்காய் போலத் தொளதொளத்து, இரண்டு அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. பக்கத்தில் நின்ற டேனியலிடம் அதை நீட்டினார்.

"தேகோ பாய். ஏ ஊபர்வாலா." பிறகு குனிந்து என்ஜினுக்கு அடியில் கையைக் காட்டினார். "நீச்சேவாலா டீக் ஹை."

மேலே இருப்பது. கீழே இருப்பது, அது சரியாக இருக்கிறது. ரேடியேட்டருக்கு ரெண்டு ஹோஸ், அவ்வளவுதான்.

அந்த வார்த்தையை ஷர்மிளா ஃபோனில் கேட்டிருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை மாமா ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு நடக்கப் போயிருந்தார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் ஹோஸ்களை அவரே அமுக்கிப் பார்ப்பார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் கவுஸ் பாய் பொறுப்பு. ஃபோன் அடித்தது, ஷர்மிளா எடுத்தாள். நாசரேத்திலிருந்து கல்யாணமாகி ஹைதராபாத் வந்து ரெண்டு வருஷம். கையில் ஒரு நாற்பது ஹிந்தி வார்த்தை இருந்தது. அதில் ஒன்று ஊபர்வாலா. காலனி வாட்ச்மேனிடம் மகள் கல்யாணம் எப்போது என்று யார் கேட்டாலும், அவர் ஆகாசத்தைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்வார். ஃபோனில் வேகமாக ஓடிய பேச்சில் அவளுக்கு அது பிடிபட்டது. பரோசா என்பதும் பிடிபட்டது. நம்பிக்கை. "ஹவ், ஹவ்," என்று இந்த ஊர்க்காரி மாதிரியே ஆமாம் போட்டு வைத்தாள்.

ராத்திரி சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னாள். "மாமா, கவுஸ் பாய் ஃபோன் பண்ணுனாவ. மேல இருக்கவர நம்பணுமாம்."

மாமாவுக்கு ரசம் புரையேறிவிட்டது. "ஏ கனகு, கேட்டியா? ஆயில் மாத்தவே மூணு நாள் இழுத்தடிப்பான். இப்ப நமக்கே பிரசங்கம் பண்றான் பாரு."

"சிரிச்சுக்கிட்டே சாப்பிடாதீங்க," என்று அத்தை அவர் தலையில் தட்டினாள். டேனியல் அப்போது ஆபீஸில் இருந்தான்.

இப்போது அவன் கிழிந்த ஹோஸைக் கையில் வைத்துப் புரட்டினான். அப்பாவுக்கு ஏன் சொல்லவில்லை என்று ஹிந்தியில் கேட்டான். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

கவுஸ் பாய் துணியில் கையைத் துடைத்தார். "போலா நா பாய். ஃபோன் மே ஆன்டி கு போலா. ஊபர்வாலே கா பரோசா நை போல்கே."

பரோசா நை. ஃபோனில் ஆன்டியிடம் சொன்னாராம், மேலே இருப்பதை நம்ப முடியாது என்று. அந்த 'நை' அன்றைக்கு எங்கே போனது என்று ஷர்மிளா யோசித்தாள். காதில் விழுந்திருக்கும். தெரிந்த வார்த்தைகளைப் பொறுக்கிக்கொண்டு, மீதியை ஃபோனிலேயே விட்டுவிட்டாள்.

"ஆன்டியா?" என்று கேட்ட டேனியல் விறுவிறுவென்று உள்ளே போனான். கவுஸ் பாய்க்கு ஃபோனை எடுக்கிற பெண்கள் எல்லாரும் ஆன்டிதான். அதைச் சொல்ல ஷர்மிளா வாயைத் திறந்தாள். டம்ளரை பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு அவன் பின்னாலேயே ஓடினாள்.

அத்தை ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது.

"மா, ஹோஸ் போகப்போகுதுன்னு கவுஸ் பாய் உங்ககிட்ட ஃபோன்ல சொன்னாராமே?"

அத்தை நிமிர்ந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் தோளுக்குப் பின்னால் வாசலோரம் நின்ற ஷர்மிளாவைப் பார்த்தாள். கைக்குட்டையை நாலாக மடித்தாள்.

"ஆமாப்பா. சொன்னார். நான்தான் மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"வயசாகுதுல்ல."

டேனியல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிழிந்த ஹோஸை மாமாவின் நாற்காலியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். ஷர்மிளா அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை," என்றாள்.

"டீ குடிச்சியா?" என்று கேட்டாள் அத்தை. "போய்க் குடி. கவுஸுக்கு இன்னொரு வாய் வேணுமான்னு கேளு."

வெளியே புது ஹோஸ் மாட்டியாகிவிட்டது. கவுஸ் பாய் மூடியைத் திறந்து பச்சைக் கூலன்டை ஊற்றி, என்ஜினை ஓடவிட்டார். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. அவை நிற்கிறவரை காத்திருந்து, குழாயை விரலால் அமுக்கிப் பார்த்து, அவளிடம் தலையசைத்தார். "அப் பரோசா ஹை, ஆன்டி." இனி நம்பலாம்.

மூன்றரை மணிக்குப் பாஸ்டர் ஜெபம் செய்தார். பெட்டியை வேனில் ஏற்றினார்கள். டேனியல் காரை எடுத்தான். அத்தையும் ஷர்மிளாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். கிளம்புமுன் அவன் உள்கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். அதில் இப்போது அம்மா தெரியவில்லை.

நாச்சாரம் ரோட்டில் வேன் முன்னால் மெதுவாகப் போயிற்று. டேனியலின் பார்வை வேனுக்கும் சூடு காட்டும் முள்ளுக்கும் மாறி மாறிப் போய் வந்தது. நேற்று வண்டி நின்ற டயர்க் கடைக்கு முன்னால், ரோட்டோரப் புழுதியில், வெளிறிய பச்சையில் ஒரு பெரிய கறை காய்ந்து கிடந்தது.

"வண்டிய நிறுத்துங்க," என்றாள் ஷர்மிளா.

"என்ன, சூடேறுதா? வாடை வருதா?" என்றான் டேனியல்.

"போப்பா, ஒண்ணுமில்ல," என்ற அத்தை ஷர்மிளாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமான பிடி. "நக்கோம்மா, வேண்டாம்."

கார் ஓரமாக நின்றது.

"அன்னைக்கு ஃபோன எடுத்தது அத்தை இல்ல," என்றாள் ஷர்மிளா.

டேனியல் திரும்பவில்லை. இண்டிகேட்டர் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. முள் நடுவிலேயே நின்றது. அவன் கையை உயர்த்தி உள்கண்ணாடியைத் தொட்டான். திருப்பாமல் அப்படியே விரலை வைத்திருந்தான்.

முன்னால் போய்க்கொண்டிருந்த வேனின் பின்விளக்குகள் சிவந்தன. அதுவும் ஓரங்கட்டி, இவர்களுக்காக நின்றது.