ஃபிட் கார்டு

குணசேகரனின் இடது காதுக்குள் யாரோ குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார்கள். ஒரு வருடமாக விசில் நிற்கவில்லை. வலது காது தேவலை. போன் வந்தால் அதில்தான் வைப்பான். மனைவி அன்புக்கரசி கூப்பிட்டால் அந்தப் பக்கமாகத்தான் திரும்புவான். எண்ணூர்ப் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில், இரும்பில் ஏறிய துருவை மெஷின் உளியால் கொத்தி எடுப்பது அவன் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கொத்துகிறான். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றால் நமக்குப் பல் ஆடும். இதில் ஒரு காது இரைவதெல்லாம் ஒரு சீக்கா என்று விட்டுவிட்டான். கூட வேலை செய்யும் பகலவனுக்கு இரைச்சல் வலது காதில் மட்டும். அவனும் விட்டுவிட்டான்.

காதை விடலாம், ஃபிட் கார்டை விட முடியாது. வருடா வருடம் ஜனவரியில் பட்டறைக்கு ஒரு வேன் வரும். ஹெட்போனை மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். காது நன்றாக இருக்கிறது என்று கார்டு கொடுத்தால்தான் கேட் பாஸ். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காதைக் கெடுக்கிறதும் அவர்களே, கெட்டதா என்று பார்த்துத் துரத்துகிறதும் அவர்களே. நல்ல நியாயம்!

இதற்கு மாற்று கண்டுபிடித்தவன் குணசேகரன். மெஷினைத் திருகும்போது டெக்னீஷியனின் முழங்கை அசையும். கடைக்கண்ணால் அதைப் பார்த்து அழுத்த வேண்டும். அதோடு பத்துக்கு ஒன்று வேண்டுமென்றே விட்டுவிட வேண்டும், எல்லாவற்றுக்கும் அழுத்தினால் சந்தேகம் வரும். கூட இருந்த பதினாலு பேருக்கும் அவன்தான் வாத்தியார். ஒருத்தனும் இதுவரை ஃபெயிலானதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் திருவொற்றியூரில் ஒரு சமுதாயக்கூடத்துக்கு டாக்டர்கள் வந்தார்கள். காது இரைச்சலைப் பற்றி ஆராய்ச்சி. சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது ஏன் இரைகிறது, தூக்கம் கெடுவதும் தலை சுற்றுவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும் அதோடு சேர்ந்து வருகிறதா என்று பார்க்கிறார்களாம். தலைமை டாக்டர் சுஜா, முப்பத்தைந்து வயதுக்காரி, போயிருந்த பட்டறை ஆட்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"நீங்க சொல்றது எந்தக் கம்பெனிக்கும் போகாது. உங்க பேரு கூட வெளிய வராது. தைரியமா உண்மையைச் சொல்லுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். வாசலில் தண்ணீர் கேன் இறக்கிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் பட்டறை சூப்பர்வைசர் இசக்கிப்பாண்டி. அவன் பல் குத்திக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் அங்கே இருக்கும்போது டாக்டர் பேச்சை யார் நம்புவார்கள்?

இரைச்சல் ஒரு காதிலா, இரண்டிலுமா என்று படிவத்தில் கேட்டிருந்தது. முன்னால் போனவர்கள் எல்லோரும் இரண்டிலும் என்றார்கள். குணசேகரனும் அப்படியே சொன்னான். தனியாகத் தெரிய அவனுக்கு ஆசையில்லை. கண்ணாடி வைத்த கூண்டுக்குள் போனான். வெளியே டெக்னீஷியன் ரோஷன். வலது காதுக்கு ஒழுங்காகக் கேட்டே அழுத்தினான். இடது காதுக்கு மாற்றியதும் குக்கர் விசிலைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. இங்கேயாவது உண்மையைச் சொல்லித் தொலைப்போமா என்று ஒரு நிமிடம் நினைத்தான். அதற்குள் ரோஷனின் முழங்கை அசைந்தது, குணசேகரனின் கட்டைவிரல் தானாக அழுத்தியது.

"ரெண்டு காதும் நல்லாவே இருக்கு" என்றாள் சுஜா, காகிதத்தைப் பார்த்து. "ஒரு பக்கம் மட்டும் இரைஞ்சு, அந்தப் பக்கம் கேக்கிறதும் குறைஞ்சிருந்தா தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேணாம்."

பாஸானவன் போலச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். மடையன்.

இரண்டரை வருடம் கழித்து அவனுக்குக் கால் பின்ன ஆரம்பித்தது. நேராக நடக்க நினைத்தால் இடது பக்கம் இழுத்தது. சாப்பிடும்போது சோறு இடது கடைவாயில் தங்கியது, அவனுக்குத் தெரியவில்லை. வேலை நேரத்தில் குடித்திருக்கிறான் என்று இசக்கிப்பாண்டி எழுதி வைத்தான். அன்புக்கரசிக்கும் சந்தேகம்தான். கிட்ட வந்து வாயை மோந்து பார்த்தாள். புத்தர் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிக் குடியை விட்டுப் பதினெட்டு வருடம் ஆனவன் அவன். அன்றைக்கு அவனுக்கு அழுகை வந்தது.

"சத்தியமா குடிக்கல அன்பு. தலை சுத்திக்கினே கீது."

"அப்போ வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்று அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் கட்டி. புற்று இல்லை, ஆனால் எலுமிச்சம்பழ அளவு வளர்ந்து மூளையை அழுத்துகிறது. உடனே ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சுஜா, பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இது எப்படி நார்மல்னு வந்துச்சு? அப்பவே இந்தக் காது பாதி போயிருக்கணுமே. ரோஷன் கவனமில்லாம பண்ணிட்டானா? அவனைக் கூப்பிட்டுக் கேக்கப்போறேன்."

"அந்தப் புள்ளைய ஒண்ணும் கேக்காதம்மா" என்றான் குணசேகரன். "நான்தான் ஏமாத்திட்டேன்."

முழங்கை கதையைச் சொன்னான். அன்புக்கரசி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா டாக்டர்?"

"சின்னதா இருந்திருக்கும். ரேடியேஷன்லயே அடக்கியிருக்கலாம். ஆபரேஷனும், அதுல முகம் கோணுற ஆபத்தும் இருந்திருக்காது."

அன்புக்கரசி புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

சுஜா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "உங்க பட்டறை ஆளுங்க பதினாலு பேருக்கும் காது நார்மல்னு வந்துச்சு. சத்தத்தால பாதிப்பு இல்ல, இரைச்சலுக்குக் கவலைதான் காரணம்னு ஆராய்ச்சியில எழுதிட்டோம். அதை நான் திருத்திக்கிறேன். ஆனா அவங்கள்ல யாருக்காவது ஒரு காது மட்டும் இரையுதா? பேரைச் சொல்லுங்க. இன்னும் நேரம் இருக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்மா."

மறுநாள் மதியம் பகலவன் இளநீரோடு பார்க்க வந்தான். குணசேகரன் நேராகக் கேட்டுவிட்டான்.

"உனக்கு இன்னும் ஒரு பக்கம்தானே?"

"அதுக்கு இன்னா இப்போ?"

"ஸ்கேன் எடுத்துரு மச்சான். என் கதிய பாத்தியா?"

"உனக்கு வந்தா எனக்கும் வரணுமா? ஸ்கேனுக்கு லீவு கேட்டா அந்த இசக்கி இன்னா ஏதுன்னு நோண்டுவான். அப்புறம் கேட்ல வுடுவானா? ரெண்டு பொண்ணு கீது எனக்கு. என் பேர மட்டும் எடுத்துறாத, கும்பிடுறேன்."

உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தோரம் ஒன்றாக ஓடி விளையாடியவன். குணசேகரன் சரி என்று சொல்லி அனுப்பினான். அவன் போன பிறகு எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது. பகலவன் தலைக்குள்ளும் ஒன்று ஊறிக்கொண்டிருந்தால், அவனைக் கொன்றது யார்? வாத்தியார்தானே? சாயங்காலம் சுஜா வந்ததும், "பகலவன். வலது காது" என்றான். போன் நம்பரையும் கொடுத்தான்.

ஆபரேஷனில் உயிர் தப்பியது. இடது காது சுத்தமாகப் போனது, இடது பக்க முகம் தொங்கிவிட்டது, கண்ணை மூட முடியாததால் பிளாஸ்திரி ஒட்டினார்கள். போகாதது ஒன்றே ஒன்று. கேட்காத காதில் அந்த விசில் மட்டும் அப்படியே இருந்தது. சில பேருக்கு அது போகாது, ஏனென்று இன்னும் எங்களுக்கே முழுசாகத் தெரியவில்லை என்றாள் சுஜா. அவளைக் குறை சொல்ல அவனுக்கு வாயில்லை.

இரண்டு மாதம் கழித்து, குணசேகரனின் எம்.கே.பி. நகர் மாடி வீட்டுக்குப் பகலவன் வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கையில் பெரிய ஸ்கேன் கவர். அதைக் குணசேகரன் மடியில் வைத்தான்.

"நல்லா பாத்துக்கோ. கட்டி கிட்டி ஒண்ணும் கிடையாது. சத்தத்துல காது போய்கீதாம். அவ்ளோதான். மருந்தும் கிடையாதாம்."

குணசேகரனுக்கு மூச்சு வந்தது. மனசு நிறைந்து, கோணல் வாயால், "நல்லதாப் போச்சுடா" என்று சொல்லிவிட்டான்.

"ஆமா. லீவு சீட்டுல காதுன்னு எழுதிக் குடுத்தாங்க. இசக்கி பாத்துட்டான். ஜனவரியில பாஸானவனுக்கு இன்னா காதுன்னு நோண்டுனான். மறுநாளே வேனை வரவச்சு, முதுகைத் திருப்பி உக்கார வச்சு டெஸ்ட் எடுத்தான், எனக்கு மட்டும் இல்ல, பதினாலு பேருக்கும்."

"எத்தினி பேரு..."

"ஒருத்தனும் தேறல" என்றான் பகலவன். "எல்லாரும் கீழ நிக்கிறானுங்க. உன்னைப் பாக்கணுமாம்."