தெற்கே போகிற தண்ணீர்

1975 ஆகஸ்டில் என் படகில் ஏறிய அந்த ஜெர்மானியன் ஆம்பல் பூக்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ரோபோதாமோ ஆற்றுக்குள் படகைத் திருப்பியதும் மற்ற பதினோரு பேரும் கேமராவைத் தூக்கினார்கள். அவன் கடைசிப் பலகையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். திரும்பி வரும்போது, கடலில், சட்டைப் பையிலிருந்து பாட்டில் தக்கைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டான். போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

அவன் பெயர் யோவாகிம். கிழக்கு ஜெர்மனிக்காரன், ஹாலே ஊர். பக்கத்தில் இருந்த அண்ணன் எபர்ஹார்ட் மேற்கே ஹனோவரில் இருந்து வந்தவர். சொந்த நாட்டில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாதவர்கள் வருஷத்துக்கு இரண்டு வாரம் கருங்கடல் கரையில் இருக்கும் எங்கள் ஊர் பிரிமோர்ஸ்கோவின் மணலில் ஒரே குடையின் கீழே படுத்துக் கிடப்பார்கள். அப்படி நிறையக் குடும்பங்கள் வரும்.

"கேப்டன், இந்தத் தண்ணி எந்தப் பக்கமா ஓடுது?" என்று ரஷ்ய மொழியில் கேட்டான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கும் எனக்கும் கற்றுக்கொடுத்த மொழி அது.

கருங்கடலைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு வாய் நிற்காது.

"தெற்கதான். வடக்க தன்யூப் வந்து கொட்டுது. அதுக்கும் மேல இன்னும் பெரிய பெரிய ஆறு. அம்புட்டுத் தண்ணியும் எங்க போகும்? சுத்தி நிலம். இஸ்தான்புல்ல ஒரே ஒரு வாசல். அதனால கரையோரமாவே சுத்திச் சுத்தி வருது. கிரேக்கக் கப்பல்ல இருந்து விழுந்த ஜாடி என் வலையில வந்திருக்கு, தெரியுமா? அந்தக் காலத்துலேயே இந்தத் தண்ணி மேல ஏறித்தான் அவன் ஊருக்குத் திரும்பியிருக்கான்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகும்?"

"காத்தும் சேந்துக்கிட்டா இருபது கிலோமீட்டர் தாராளமா..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். துருக்கி எல்லை எங்கள் ஊரிலிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டர். அதைத் தாண்டிவிட்டால் அண்ணன் இருக்கும் மேற்குக்குப் போய்விடலாம்.

கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் கரைக்காவல் சாவடியில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். படகில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கொடுக்க வேண்டும். இந்த மாதிரிக் கேள்வி கேட்கிறவர்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கும் எழுதாத உத்தரவு. அன்று மாலை சாவடியில் கையெழுத்துப் போட்டேன். எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

என் மனைவி மலாமா விடுமுறை இல்லத்தில் சமையல் வேலை பார்க்கிறவள். பொரித்த நெத்திலியைத் தட்டில் கொட்டியபடி என்னைப் பார்த்தாள்.

"என்னய்யா, செருப்புக்குள்ள எறும்பு பூந்துக்கிச்சா? தரை தேஞ்சிரும். உக்காரு."

சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கடலைப் பத்திப் பெருமை பேசலேன்னா உனக்குச் சோறு எறங்காதே! இப்ப என்ன செய்யப் போற?"

"தெரியலையே."

"போய்ச் சொன்னா அந்தப் பையன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாம விட்டா அவன் கடல்ல போவான். மாட்டுனா, நீ சொல்லிக் குடுத்தேன்னு உன்னையும் சேத்து இழுப்பான். போய் அவன்கிட்டயே பேசு. வாய்தானே குடுத்துச்சு, அந்த வாயே எடுக்கட்டும்."

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் மணலில் அவனைத் தேடிப் போனேன். கோடு போட்ட காற்று மெத்தை ஒன்றை ஊதிக்கொண்டிருந்தான். அதே மாதிரி மெத்தைகள் கரையில் இருநூறு கிடந்தன. அண்ணன் பியர் வாங்கப் போயிருந்தார்.

"நேத்து நான் பாதிதான் சொன்னேன்" என்றேன். "நீரோட்டம் கரையில இருந்து நாலு கிலோமீட்டர் தள்ளித்தான் ஒழுங்கா ஓடும். இந்தப் பக்கம் அது எப்ப எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கே தெரியாது. காத்து மாறுனா மேல மிதக்குற சாமான் தண்ணி பேச்சைக் கேக்காது, காத்து பேச்சைத்தான் கேக்கும். கரைக்காவல்காரங்க பெரிய விளக்கு வேற ராத்திரி பூரா கடல் மேல சுத்திக்கிட்டே இருக்கும்."

அவன் மெத்தையின் மூடியை அழுத்தினான். "நான் ஏதாவது கேட்டேனா கேப்டன்?"

"கேக்கல. நானாத்தான் சொல்றேன்."

"நீங்க அந்த வாசலத் தாண்டிப் போயிருக்கீங்களா?"

"இல்ல."

"போகணும்னு தோணினதே இல்லையா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் இரண்டு பியர் பாட்டிலோடு வந்துவிட்டார். எழுந்து நடந்துவிட்டேன்.

அன்று சூரியன் மறைந்த பிறகு காற்று மாறியது. ஒரு வாரமாக வடகிழக்கில் இருந்து வீசியது நின்று, தெற்கில் இருந்து வெதுவெதுப்பாக வந்தது. படுக்கையில் கிடந்தபடியே ஜன்னல் கதவு எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு எபர்ஹார்ட் என் படகின் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்திருந்தது. அரைகுறை ரஷ்ய மொழியில் பேசினார்.

"தம்பியைக் காணோம். மெத்தையும் இல்ல. நான் வேண்டாம்னு சொன்னேன், ரெண்டு வருஷமா சொல்றேன். சாயங்காலம் குளிச்சிட்டு வர்றேன்னு போனான்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்டதான்."

"அறைக்குப் போங்க. கதவைச் சாத்திக்கிட்டு இருங்க."

சாவடியில் 'வலை விட, ஒருவர்' என்று எழுதினேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தாண்டியதும் எல்லோரும் தேடியிருக்கக்கூடிய தெற்கை விட்டுவிட்டு வடக்கே திருப்பினேன். இரவு முழுவதும் தெற்குக் காற்று. மெத்தை என்பது காற்று அடைத்த பை. அவன் எவ்வளவு துடுப்புப் போட்டிருந்தாலும் காற்று தள்ளிய பக்கம்தான் போயிருப்பான். என் கணக்கு தப்பினால் அவன் செத்தான். இன்ஜினை இரண்டு தடவை நிறுத்தி, எழுந்து நின்று பார்த்தேன். பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். எட்டு மணிக்கு மேல், ரோபோதாமோ முகத்துவாரத்துக்கு நேரே, கோடு போட்ட துணி மாதிரி ஒன்று ஆடியது.

மெத்தையின் மேல் குப்புறக் கிடந்தான். கையிலே பிங்பாங் மட்டை இரண்டு. உதடு வெடித்திருந்தது. படகைப் பார்த்ததும் மட்டையால் தண்ணீரைத் தள்ளி விலகப் பார்த்தான்.

"ஏறுங்க!"

அவன் கரையைக் காட்டினான். "அது துருக்கியா?"

"அது ரோபோதாமோ. புதன்கிழமை பூ பார்க்க வந்தோமே, அந்த இடம்."

கொஞ்ச நேரம் அந்தக் கரையையே பார்த்தான். பிறகு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கடல் தண்ணீராக வாந்தி எடுத்தான். கையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டேன். மெத்தையைக் கத்தியால் கிழித்து வலைக்கு அடியில் திணித்தேன். மட்டைகளைக் கடலில் வீசினேன். என் உலர்ந்த சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டினேன். கடைசிப் பொத்தானைப் போடும்போது ரோந்துப் படகின் சத்தம் கேட்டது.

லெப்டினன்ட் தெல்ச்சோ. எங்கள் ஊரில் பெண் எடுத்தவன், முப்பது வயசு.

"ஸ்தாமாத் அண்ணே, பட்டியல்ல ஒருத்தர்னு எழுதியிருக்கு. இங்க ரெண்டு தலை தெரியுதே?"

"மீன் பிடிக்கிறதப் பார்க்கணும்னு கெஞ்சினாரு. பாவமேன்னு முனைக்கு அந்தப் பக்கம் ஏத்திக்கிட்டேன். எழுதாதது என் தப்புதான்."

"வெளிநாட்டுக்காரரை? எழுதாமலா?"

"ஆசை. ஒரு பாட்டில் பிராந்தி தர்றேன்னாரு."

தெல்ச்சோ யோவாகிமின் கைகளைப் பார்த்தான். விரல்கள் வெளுத்து, ஊறிச் சுருங்கியிருந்தன.

"கை ஏன் இப்படி ஊறியிருக்கு?"

"வலை இழுக்க வச்சேன். சும்மா உக்காரவா கூட்டிட்டு வந்தேன்?"

"மீன் எங்கண்ணே?"

வலை காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து யோவாகிம் மறுபடியும் படகின் விளிம்பில் சாய்ந்து வாந்தி எடுத்தான்.

"வந்ததுல இருந்து இதே வேலை" என்றேன். "இவரை வச்சுக்கிட்டு எங்க வலை விடுறது?"

ரோந்துப் படகில் இருந்த சிப்பாய் ஒருவன் சிரித்துவிட்டான். தெல்ச்சோ சிரிக்கவில்லை. வலைக் குவியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் ஒரு கால் என் படகின் விளிம்பில் இருந்தது. பிறகு காலை எடுத்துக்கொண்டான்.

"கடலுக்குப் போற அனுமதிச் சீட்டைக் குடுங்கண்ணே. எழுதாம ஆள் ஏத்துனதுக்கு இது. இதுக்கு மேல நான் எதையும் எழுதல."

கொடுத்தேன்.

படகுத்துறையில் கயிறு கட்டும்போது யோவாகிம் மெதுவாகச் சொன்னான்: "நீங்க வராம இருந்திருந்தா..."

"செத்திருப்பீங்க."

"இல்ல. இன்னும் போய்க்கிட்டு இருந்திருப்பேன்."

கோபம் வந்தது எனக்கு. அறைந்துவிடலாம் போல இருந்தது. அதற்குள் எபர்ஹார்ட் ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார். அவன் தலைமுடியில் இருந்த உப்பைத் துடைத்துத் துடைத்து விட்டுக்கொண்டிருந்தார். என் கோபம் போய்விட்டது. சனிக்கிழமை இருவரும் ஒரே பேருந்தில் புர்காஸ் போனார்கள். அங்கிருந்து ஒருவருக்கு ரயில், ஒருவருக்கு விமானம்.

எனக்கு நாலு வருஷம் கடல் இல்லை. கடற்கரை மணலைச் சமப்படுத்தும் டிராக்டர் ஓட்டினேன். விடியற்காலையில் தண்ணீரின் ஓரமாக வடக்கே போய், திரும்பித் தெற்கே வந்து, மறுபடியும் வடக்கே. ராத்திரி காற்று மாறினால் எழுந்துவிடுவேன். "படுய்யா, யாரும் மெத்தையில போகல" என்று மலாமா முணுமுணுப்பாள். படுப்பேன். தூக்கம் வராது. போக வேண்டும் என்று தோன்றியதே இல்லையா என்று அவன் கேட்டதற்கு நான் ஒருநாளும் பதில் சொல்லவில்லை. தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் எபர்ஹார்ட் தனியாக வந்தார். தம்பிக்குப் பயண அனுமதி கிடைக்கவில்லையாம். ஹாலேயில் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறானாம், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். இரண்டு வாரமும் குடையின் கீழே தனியாகப் படுத்திருந்தார். ஒருநாள் காலை என் டிராக்டரை நிறுத்தி, பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். முனை வரைக்கும் போய்த் திரும்பினோம். இறங்கும்போது, "நாளைக்கும் வரலாமா?" என்றார்.

"அஞ்சு மணிக்கு வந்துருங்க" என்றேன்.