ஓநாய் பார்த்த நெல் பதம்

அம்முலுவுக்குத் தன் புருஷன் மேல் சந்தேகம் வந்தது ஒரு ஓநாயால். ஆட்டைக் கடிக்கிற ஓநாய் இல்லை. மானாம்பதிப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. இது கைப்பேசிக்குள் குடியிருக்கிற ஓநாய். பகலில் மனுஷன், பௌர்ணமி வந்தால் ஓநாய், எந்நேரமும் ஆணழகன். பெயர் ருத்ரசேனன். ருமேனியா நாட்டில் பனிமலை மேல் ஒரு கோட்டையில் இருந்துகொண்டு, ரத்தக்காட்டேரி வம்சத்துப் பெண் மிருதுளாவைக் காதலிக்கிறான். அவள் கழுத்தைப் பார்த்தால் இவனுக்கு நாக்கு ஊறும். இவன் கழுத்தைப் பார்த்தால் அவளுக்கு. அப்புறம் நடப்பதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

கதையின் பெயர் ‘வெள்ளிப்பல் வேந்தன்’. எழுதுகிறவள் குளிர்நிலவு. கதை படிக்கிற செயலி ஒன்றில் வாரம் இரண்டு அத்தியாயம் வரும். மகள் கீர்த்தியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, உலை கொதிக்கிற நேரத்தில் அம்முலு படிப்பாள். படித்துவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டாள். ‘மழைத்துளி’ என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு அடியில் கருத்து எழுதுவாள். ‘எங்கள் பசு இன்று கன்று போட்டது, கிடாரி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அதனால்தான் படிக்க நேரமாகிவிட்டது தோழி’ என்று ஒருநாள். ‘எனக்கும் ஒருத்தர் வாய்த்திருக்கிறாரே, மரக்கட்டை. ருத்ரசேனன் பேசுவதில் அரைக்கால்வாசி பேசினால்கூட என் ஜென்மம் கடைத்தேறும்’ என்று இன்னொரு நாள். அதற்கு, ‘மரக்கட்டைக்குள்ளும் ஈரம் இருக்கும் தோழி’ என்று குளிர்நிலவு பதில் போட்டிருந்தாள். முகம் தெரியாத ஒருத்தியிடம் மனசைக் கொட்டுவது அம்முலுவுக்குச் சுகமாகத்தான் இருந்தது.

மரக்கட்டை என்று அவள் சொன்னது பொய்யும் இல்லை. ராஜாராம் நல்ல மனுஷன், பாடுபடுகிறவன், குடிக்க மாட்டான். பேசவும் மாட்டான். ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவன் அவளிடம் பேசியதை ஒரு மரக்காலில் போட்டால் பாதிகூட நிறையாது. ‘சோறு போடுமே’, ‘மாட்ட அவுருமே’, ‘மோட்டாருக்குப் போறன்மே’. பெயர் சொல்லிக் கூப்பிட்டதுகூடக் கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரு ‘மே’தான்.

தை மாதம், வீட்டுக் களத்தில் சம்பா நெல் காய்ந்துகொண்டிருந்தபோது ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் வந்தது. அம்முலு கரண்டியும் கையுமாகப் படித்தாள். ருத்ரசேனன் மிருதுளாவைக் கோட்டைத் தூணோடு சேர்த்து அணைத்தான். பிறகு, ‘அவளுடைய இடது காது மடலை முன்பல்லால் மெல்லக் கடித்துப் பார்த்தான், நெல்லுக்குப் பதம் பார்க்கிறவனைப் போல.’

கரண்டி கீழே விழுந்தது.

நெல் காயப்போட்டவன் போகும்போதும் வரும்போதும் ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பான். படக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். ராஜாராம் அறுப்புக் காலத்தில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இதைச் செய்வான். விளக்கை அணைத்த பிறகு, ஆசை வந்த நாளில், அம்முலுவின் இடது காதிலும் இதையேதான் செய்வான். அதே முன்பல், அதே மெதுவான கடி. முதல் தடவை ‘இன்னாயா, நான் இன்னா நெல்லா?’ என்று அவள் சிரித்ததும், அவன் வெட்கப்பட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. கட்டினவன் பல்லுக்கும் கட்டினவள் காதுக்கும் நடுவில் இருந்த விஷயம் ருமேனியாவுக்கு எப்படிப் போயிற்று?

வேறு ஒரு காதையும் அவன் கடித்திருக்கிறான். அந்தக் காதுக்காரி கதை எழுதுகிறாள். அம்முலு அடுப்பை அணைத்தாள்.

முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி படித்தாள், இந்தத் தடவை போலீஸ்காரி கண்ணோடு. அடக் கடவுளே, எத்தனை தடயம்! மலையில் பனி ‘யூரியா மூட்டை பிரிந்து கொட்டினது போல்’ கிடக்கிறதாம். ருமேனியாவில் எவள் யூரியாவைப் பார்த்தாள்? ஓநாய்க் கூட்டம் சண்டைக்குப் போகும்போது வரப்பு மேல் வரிசையாக நடக்கிறது. நாற்பதாம் அத்தியாயத்துக்கு முன்னால் ஓர் அறிவிப்பு: ‘எங்கள் ஊரில் இன்று காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்தடை, அத்தியாயம் நாளை வரும்.’ மானாம்பதியில் அந்த வியாழக்கிழமை கரண்ட் இல்லாமல் அம்முலு அம்மியில் அரைத்தாள். ஆக, குளிர்நிலவு இந்தக் கம்பியில் கரண்ட் வாங்குகிறவள், பயிர் வைக்கிற வீட்டுக்காரி, தன் புருஷனைத் தெரிந்தவள்.

குடவோலை போட்டு ஆள் எடுத்த உத்திரமேரூரின் பக்கத்து ஊர்க்காரி அல்லவா, அம்முலுவும் மனதுக்குள் ஒரு குடத்தை வைத்துக்கொண்டு பெயர்களைப் போட்டுக் குலுக்கினாள். பக்கத்துக் கழனிக் கனகா? அவள் கைநாட்டு. குலுக்கக் குலுக்க ஒரே ஓலைதான் வெளியே வந்தது, இந்து. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவள். நெல் கொள்முதலுக்கு டோக்கன் பதிய ராஜாராம் அங்கேதான் போகிறான். டோக்கன் ஒரு தடவை பதிந்தால் போதும். அவன் ஒரு மாதத்தில் ஐந்து தடவை போய்வந்தான். காதில் மாட்டிப் பேசுகிற ஒயர் ஒன்று வாங்கியிருந்தான். பேசவே பேசாதவனுக்கு அது எதற்கு?

அந்த ஒரு மாதமும் அம்முலு அவன் சட்டையை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைத்தாள். அவன் களத்தில் நின்று நெல்லைக் கடிப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டுவிடலாம்தான். கேட்டு, அவன் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால்? கீர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு தென்னேரியில் அம்மா வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கேட்காமல் இருந்தாலும் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முந்தானையில் ஒரு பிடி நெல்லை முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். இந்து கடையில் தனியாகத்தான் இருந்தாள். சின்னப் பெண், துறுதுறுவென்று இருந்தாள். அம்முலு முதலில் அவள் காதைத்தான் பார்த்தாள்.

“வாங்கக்கா! ராஜாராம் அண்ணன் வூடுதானே? டோக்கன்தான் வந்துட்சே.”

“அதுக்கு இல்லமா. இந்த நெல்லு காஞ்சிட்சா பாத்துச் சொல்லேன்.” மேஜை மேல் நெல்லைக் கொட்டிவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடிக்கட்டும், முன்பல்லில் கடிக்கட்டும், அப்புறம் இருக்கிறது கச்சேரி.

இந்து ஒரு மணியை எடுத்து, மூக்குத்தி வாங்குகிறவளைப் போல் விளக்கில் தூக்கிப் பார்த்தாள். “எனுக்கு இன்னாக்கா தெரியும்? கொள்முதல்ல மீட்டர் வெச்சிருப்பாங்க, அதுல போட்டா ஈரம் எவ்ளோன்னு காட்டும்.”

நெல்லைக் கடிக்கத் தெரியாதவள் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. அம்முலுவுக்குப் பாதி உயிர் வந்தது. வந்த உயிரை இந்துவே மறுபடி வாங்கினாள்.

“அண்ணன் இப்பல்லாம் ஒயர் மாட்டிக்கினு நல்லா பேசறாராக்கா? நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன். மோட்டார் கொட்டாயில பேசினா யார் தொந்தரவும் இல்லன்னாரு.”

“யார்கிட்ட பேசறாரு?”

இந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அது... அண்ணங்கிட்டயே கேட்டுக்கங்கக்கா. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

இனி கேட்க என்ன இருக்கிறது? ஊர் திரும்பியதும் அம்முலு வீட்டுக்குப் போய்ச் சோற்றுக் கேரியரை எடுத்தாள். பன்னிரண்டரைக்குக் கொண்டுபோகிற சோற்றைப் பதினொன்றுக்கே கொண்டுபோனாள். நவரைப் பட்டத்துப் பயிருக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. த்ரீபேஸ் கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ராஜாராம் மோட்டார் கொட்டாயில்தான் கிடப்பான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்ச் சுவரோடு சுவராக நின்றாள். மோட்டார் இரைச்சலிலும் அவன் குரல் கேட்டது.

“உன் நரம்பில் ஓடுவது என் பெயர். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. நூறு வருடமாக நான் பேசாமல் இருந்தேன். நீ வந்த பிறகுதான் எனக்கு வாய் முளைத்தது.”

‘சோறு போடுமே’ தவிர வேறு தெரியாத வாய், மேடை நாடகக்காரன் மாதிரி பேசியது. அதுவும் எவ்வளவு கனிவாக! தனக்கு இல்லாமல் போன கனிவு இங்கே மோட்டார் கொட்டாயில் இன்னொருத்திக்காகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அவன் வேறொருத்தியைத் தொட்டான் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. கேரியரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தாள்.

“யார்யா அவ?”

ராஜாராம் எகிறிக் குதித்ததில் காதிலிருந்த ஒயர் கழன்று தொங்கியது. “ஒர்த்தரும் இல்லமே.”

“ஒர்த்தரும் இல்லாமதான் நரம்புல பேரு ஓடுதா? குடு போன!”

பிடுங்கிப் பார்த்தாள். எதிர்முனையில் எவளும் இல்லை. திரையில் எழுத்துகள்தான் இருந்தன. அவள் இப்போது கத்தியதையும் போன் தன்பாட்டுக்குத் தப்பும் தவறுமாக எழுதி முடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ‘வெள்ளிப்பல் வேந்தன், அத்தியாயம் அறுபத்தேழு’.

அம்முலு இரண்டு தடவை படித்தாள். “குளிர்நிலவு... நீயா?”

“மெதுவா பேசுமே, கனகா கயனில கீது.”

“பொம்பள பேர்ல எயுதறியே, இன்னாத்துக்கு?”

“எட்டாவது படிச்சவன், ஏர் ஓட்றவன், இந்தக் கதையெல்லாம் எயுதறான்னு தெரிஞ்சா டீக்கடைல உக்கார முடியுமா? கையில எயுதினா தப்பு வரும். இது நாம சொல்றத எயுதிக்குது. ஆனா புஸ்தகத் தமிழ்ல சொன்னாதான் அதுக்குப் புரியுது.”

சிரிப்பு வந்த அதே வேகத்தில் அம்முலுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மரக்கட்டை என்று யாரிடம் எழுதினோம்? கன்னம் சிவக்க, தரையைப் பார்த்துக் கேட்டாள். “மழைத்துளின்னு ஒர்த்தி கருத்து போடறாளே, அவ யார்னு தெரியுமா ஒனுக்கு?”

“வெள்ளப்பொட்டு கன்னுக்குட்டிய இஸ்துப் போட்டதே நான்தானமே” என்றான் ராஜாராம்.

தடயம் தேடத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தாள்.

“அப்போ மரக்கட்டைன்னு எயுதினப்போ, நான்தான்னு தெரியுமா?”

“தெரியும். ரெண்டு நாள் சோறு எறங்கல.”

“தெரிஞ்சும் அந்தக் கடிய எயுதி ஊருக்கெல்லாம் காட்டியிருக்கியே!”

“ஊருக்கா எயுதினேன்? ஒனுக்கு எயுதினேன். படிச்சா நான்தான்னு கண்டுக்குவே, நீயே வந்து கேப்பேன்னு பாத்தேன். நீ இன்னாடான்னா ஒரு மாசமா என் சட்டைய மோந்து பாத்துக்கினு கீறே.”

அம்முலுவுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. தனக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அதையே வழக்குக்குச் சாட்சியாக ஒரு மாதம் கட்டிவைத்திருக்கிறாளே! ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. “ஒரே வூட்ல கீறோம். வாயால சொன்னா இன்னா?”

“நீ எதிர்க்க நின்னா வர்ல. இதுங்கிட்டதான் வருது” என்று போனைக் காட்டினான்.

அப்போது த்ரீபேஸ் போனது. மோட்டார் நின்றது. தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தமும் மெல்லக் குறைந்து நின்றது. கொட்டாயில் அவர்கள் இருவரும் மட்டும் இருந்தார்கள். ராஜாராம் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான், இடது பக்கமாக. அம்முலு அவன் மார்பில் கையை வைத்து நிறுத்தினாள்.

“கடிக்கிறதெல்லாம் அப்பறம். மொதல்ல சொல்லு.”

அவன் தொண்டையைக் கனைத்தான். “உன் நரம்பில் ஓடுவது...”

“அது மிருதுளாவுக்கு. ஓநாய் பேசற தமிழ் எனுக்கு வாணாம். நம்ம பேச்சுல சொல்லு.”

ராஜாராம் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பயிரைப் பார்த்தான். நின்றுபோன மோட்டாரைப் பார்த்தான், அது காப்பாற்றும் என்பது போல. அம்முலு காத்திருந்தாள். ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு இது பெரிதில்லை.

“நீ தென்னேரிக்கு ரெண்டு நாள் போனாக்கூட வூடு வூடாவே இல்ல” என்றான் கடைசியில். “மாடுகூட என்னிய ஒரு மாரி பாக்குது, அம்முலு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் ஒரு மாதத்துச் சந்தேகம் சட்டென்று விட்டுப் போகுமா?

“இது எந்த அத்தியாயத்துல வருது?”

“எதுலயும் இல்ல.”

அறுபத்தாறு அத்தியாயமும் அவளுக்கு மனப்பாடம். நின்ற இடத்திலேயே முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. அதன் பிறகுதான் அம்முலு, இடது காதை மறைத்திருந்த முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.