அஸர் வரைக்கும்

கொழும்பில் ஸுபைதாவின் மகன் ஷுக்ரி மவுத்தாகிவிட்டான் என்ற செய்தி பதுளைக்கு வந்தபோது விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. புடவைக் கடையொன்றில் வேலை பார்த்தவன். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். அவனைத் தன் வீட்டில் வைத்திருந்த பெரியவாப்பா தாஸிம் தொலைபேசியில் சொல்லியனுப்பியது இது: "பின்னேரம் அஸர் வரைக்கும் மையத்த வெச்சிருக்கோம். உம்மாவ வந்து மொகத்தப் பாக்கச் சொல்லுங்க."

ஹப்புத்தளைக்கு அந்தப் பக்கம் மழையில் ரோடு உடைந்து கிடந்தது. கார்க்காரர்கள் கையை விரித்தார்கள். ஆகவே ஸித்தி ஸுபைதா தம்பி மஹ்ரூபைக் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் ஏறினாள். ரயில் நேரத்துக்குப் போனால் அஸர்த் தொழுகையை ஒட்டிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். அடக்கம் செய்யும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. மையத்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்புமுன் பார்த்தால்தான் பார்த்தது.

தெமோதரையில் ரயில் ஸ்டேஷனுக்கு அடியிலிருந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு மேலே வந்து நின்றது. ஷுக்ரி சின்னவனாக இருந்தபோது இதைக் காட்டிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு அந்தச் சுற்று அவளுடைய நேரத்தைத் தின்றது. தலைக்கு மேலே தெரிகிற இடத்துக்குப் போய்ச் சேர இவ்வளவு வளைவா?

எதிர்ச் சீட்டில் எல்ல ஸ்டேஷனில் ஏறிய மாரிசாமி என்ற தேயிலைத் தோட்டத்து ஆளும், பண்டாரவளையில் ஏறிய சிவஞானம் என்ற கிளாக்கரும் இருந்தார்கள். சிவஞானம் மடியில் பத்திரிகையை விரித்திருந்தார்.

"ஜப்பான்ல ஒரு ரயில் ஓடுதாம் மாரிசாமி. அந்த வேகத்துல போனா பதுளையில ஏறி ஒரு கோழித்தூக்கம் போட்டு முழிச்சா கொழும்பு."

"அது நான் எறங்குற ஒஹியாவுல நிக்குங்களா?"

"ஒஹியாவுலயா? நின்னு நின்னு போனா அதென்ன வேகம்?"

"அப்ப நான் ஓடுற ரயில்ல இருந்து குதிக்கணும். அது ஒங்க ரயிலுங்க ஐயா. எனக்கு இந்தச் சனியனே போதும்."

"மலைய நேரா வெட்டிப் பாதை போட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?"

"வெட்டுறது யாரு, நீங்களா? எங்க பாட்டன் வெட்டுனது பத்தாதாக்கும்."

சிவஞானம் சிரித்துவிட்டார். "சரிதான். அவ்வளவு செலவு பண்ணி யாருக்கு ஓட்டுறது? நம்ம பக்கத்துல அவசரமாக் கொழும்புக்குப் போறவன் யாரு? எழவுக்குப் போறவன்தான். எழவுக்காக ஒரு ரயில் விடுவானா?"

மஹ்ரூப் சட்டென்று நிமிர்ந்தான். ஸுபைதா அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஒஹியாவில் மாரிசாமி இறங்கிப் போனார். போனவர் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குத் திரும்பி வந்தார். "முன்னால மண்ணு சரிஞ்சு லைன மூடிருச்சுங்க. ஆளுக மம்பட்டியோட போறாங்க. நானும் போறேன்."

ரயில் நின்றது நின்றதுதான். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தியும் ஸுபைதாவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. கொழும்பு வெயிலை நினைத்தாள். தாஸிம் நானாவின் வீடு தகரக் கூரை போட்ட சின்ன வீடு. சனம் நிறைந்திருக்கும். இங்கே தாய் குளிரில் விறைத்துக்கொண்டிருக்க, அங்கே பிள்ளை அந்த வெக்கையில் கிடக்கிறான். அவளுக்காகக் கிடக்கிறான்.

"ரயில் எப்ப எடுக்கும்னு கேட்டுப் பாரு, மஹ்ரூப்."

"கேட்டேன் ராத்தா. பின்னேரம் ஆகும்னு சொல்றாங்க."

"இன்னைக்குப் பூரா நிக்கட்டும், என்ன போச்சு," என்றார் சிவஞானம், கொட்டாவியோடு. "ஓடிப் போயி என்னத்தச் சாதிக்கப் போறோம்?"

இம்முறை மஹ்ரூபைப் பிடிக்க முடியவில்லை. "நாங்க எழவுக்குத்தான் போறோம். ராத்தாட மகன்."

சிவஞானம் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

ஸுபைதா எழுந்தாள். "கொழும்புக்குச் சொல்லணும். வழி இருக்கா?"

"ஸ்டேஷன் மாஸ்டர எனக்குத் தெரியும்மா," என்று சிவஞானம் முந்திக்கொண்டு இறங்கினார்.

"ராத்தா, நாளைக் காலை வரைக்கும் வைக்கச் சொல்லுவோம்," என்றான் மஹ்ரூப். "தாஸிம் நானா வைப்பார். நான் சொல்றேன்."

"வேணாம். மத்தியானம் ளுஹரோட மையத்த எடுக்கச் சொல்லு."

"நீங்க பாக்கணுமே!"

"எனக்குப் பாக்கணும். அவனுக்குப் போகணும். எனக்காக அவனக் காக்க வைக்க ஏலாது." அவன் முதுகைக் கதவுப் பக்கம் தள்ளினாள். "போ மஹ்ரூப். நான் மனசு மாறுறதுக்குள்ள போய்ச் சொல்லு."

அவர்கள் போனதும் ஸுபைதா பிளாட்பாரத்துக் குழாயில் தொழுகைக்காகக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. திரும்பி வந்த மஹ்ரூப் தலையை மட்டும் ஆட்டினான். செய்தி போய்விட்டது.

அதற்கப்புறம் பின்னேரம் வரை நிற்க வேண்டி வரவில்லை. ளுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் தாண்டியதுமே இஞ்சின் கூவியது. சரிவு நினைத்த அளவு பெரிதல்லவாம். பாதையோரம் சேறு பூசிய ஆட்கள் மண்வெட்டிகளை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். மாரிசாமி அவர்களுக்கு நடுவிலிருந்து கையசைத்தார்.

அவசரப்பட்டுச் சொல்லிவிட்டோமே என்று மஹ்ரூப் எழுந்து நின்றான். "அடுத்த ஸ்டேஷன்ல இருந்து மாத்திச் சொல்லவா, ராத்தா? ராத்திரி இஷாத் தொழுகை வரைக்கும் வைக்கச் சொன்னா போய்ச் சேர்ந்திடலாம்."

சொல்லு என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான்.

"இந்நேரம் குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, தூக்கியிருப்பாங்க," என்றாள் கடைசியில். "தூக்கின புள்ளய எறக்கி வைக்கச் சொல்லவா?"

அடுத்த ஸ்டேஷன் பட்டிப்பொல வந்தது, போனது. மஹ்ரூப் இறங்கவில்லை.

வேறு ஊரில் அடக்கப்படுகிறவருக்காக இருக்கிற இடத்திலிருந்தே ஜனாஸாத் தொழுகை தொழலாம். அதில் குனிவதில்லை, ஸஜ்தா இல்லை, நின்றபடியே தொழுவது. ஸுபைதா சீட்டுகளுக்கு நடுவில் எழுந்து நின்றாள்.

"கிப்லா எந்தப் பக்கம்?"

மஹ்ரூப் வெளியே எட்டிப் பார்த்து, மக்கா இருக்கும் திசை என்று ஒரு பக்கம் காட்டினான். காட்டிய கை இறங்குவதற்குள் பாதை வளைந்தது. சிவஞானம் தன் பையையும் குடையையும் இழுத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கி அவளுக்கு இடம் விட்டார்.

அவள் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் கட்டினாள். சரிவில் இறங்கத் தொடங்கிய ரயில் அன்றைக்கு முதல் தடவையாக வேகம் பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் மஹ்ரூப் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்து, விழாமல், கிப்லாவுக்கு நேராக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தான்.