றிம்சான் தொடங்கிய கப்பல்

சாய்ந்தமருது ஆட்கள் நாலு பேரோடு போன பலநாள் மீன்பிடிப் படகு பன்னிரண்டு நாள் வயர்லஸில் பேசியது. பிறகு சத்தமில்லை. இரண்டு மாதம் கழித்து, அந்தப் படகு குப்புறக் கவிழ்ந்து மிதந்ததை வெளிநாட்டுக் கப்பல் ஒன்று கண்டதாகச் செய்தி வந்தது. ஆட்கள் யாரும் இல்லை. மூன்று குடும்பங்கள் அழுது தீர்த்து, உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தின. நாலாவது ஆள் றிம்சான். அவனுடைய வாப்பா சீனிமுகம்மது மட்டும் சம்மதிக்கவில்லை.

“மையத்தக் காணாம எப்பிடித் தொழுற? என்ட மகன் வருவான்.”

பள்ளிவாசல் ஆட்கள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

றிம்சானின் மனைவி சுபைறாவுக்கு இருபத்தாறு வயது. கலியாணத்துக்கு அவளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். இப்போது அவளும் அவளுடைய உம்மாவும். சீனிமுகம்மது இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருந்தார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வருவார். வந்து, முன்கூடத்து மேசைக்குப் பக்கத்தில் உட்காருவார்.

மேசையில் றிம்சான் அரைகுறையாக விட்டுப்போன மரக்கப்பல் நின்றது. கட்டாரில் வேலை செய்யும் கூட்டாளி பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தது. வெட்டிய துண்டுகள், மெல்லிய பலகைக் கீற்றுகள், நூல், பாய்த்துணி, ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். கடலுக்குப் போய்வந்து கரையில் நிற்கும் நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுவான். விலாக்கள் எல்லாம் நின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து கீற்றுகள் ஏறியிருந்தன.

ஏழாம் மாதம் சுபைறா கேட்டாள்.

“மாமா, நான் இத்தா இரிக்கோணும்.”

கணவன் இறந்தான் என்று ஏற்ற பிறகே மனைவி வீட்டோடு இருக்கும் துக்க காலம் அது.

“ஆக்கள் எனக்கிட்ட என்ன கதைக்கிற எண்டு தெரியாம நிக்கிறாங்க. துஆச் செய்யுங்க எண்டு சொல்லிப் போட்டுப் போறாங்க. எனக்கு அழக்கூட ஏலாமக் கிடக்கு.”

அவர் கப்பலைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். “இத முடிப்பம் புள்ள. முடியிறதுக்குள்ள அவன் வரல்லண்டா நான் ஓம் எண்டு சொல்றன்.”

ஒரு மாதத்தில் முடியும் என்று சுபைறா நினைத்தாள். நாலு மாதம் எடுத்தது.

அவள் புத்தகத்தை வாசித்துச் சொல்வாள். அவர் கீற்றுகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, குண்டூசியால் பிடித்து ஒட்டுவார். முதல் கீற்று முறிந்தது. மூன்றாவது சரிவந்தது. சில கீற்றுகளில் றிம்சான் பென்சிலால் இலக்கம் போட்டிருந்தான். அவனுடைய ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கீற்றைச் சுபைறா விரலால் தடவிவிட்டுத்தான் அவரிடம் நீட்டுவாள்.

அவன் ஒட்டிய நாலாவது பலகை கோணல். அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் புடைத்தது.

“கழட்டி ஒட்டுவமா மாமா?”

“வேணாம். அவன் ஒட்டினது, கிடக்கட்டும். நம்ம பலகைய அதுக்கேத்த மாதிரி வெட்டுவம்.”

வேலை செய்யும்போது அவர் கதை சொல்வார். சின்ன வயதில் றிம்சான் பள்ளிக்கூடம் போகாமல் நிந்தவூர் பஸ்ஸில் ஏறிப்போய் நின்றது, உம்மா மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு ஒரு வருடம் மீன் தின்னாமல் இருந்தது. சுபைறா கேட்டிராத கதைகள். ஒருநாள் அவர், “அவனுக்குக் கோபம் வந்தா காது சிவக்கும்” என்று தொடங்கி, “சிவந்திச்சி... இல்ல, சிவக்கும்” என்று தடுமாறி, சுடுதண்ணீர் எடுத்துவர எழும்பிப் போனார்.

தளம் முடிந்தது. பாய்மரங்கள் நின்றன. கயிறுகள் கட்டியாயிற்று. கடைசியில் பாய்கள் மட்டும் மிஞ்சின. ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். அது சுபைறாவின் வேலை.

முதல் நாள் தலைவலி என்றாள். மறுநாள் ஊசி காணவில்லை என்றாள். அப்படியே இரண்டு கிழமை போயிற்று.

“புள்ள, கையளவு துணிதானே. இவ்வளவு நாளா?”

சுபைறா உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஒரு கடதாசிப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஏழு பாய்களும் தைத்து, மடித்து இருந்தன.

“தெச்சி முடிச்சிப் பதினொரு நாளாச்சி மாமா. தர ஏலாமக் கிடந்திச்சி.” தரையில் உட்கார்ந்து, சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்துக்கிட்ட அடக்கி வைத்த அழுகை. உம்மா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

சீனிமுகம்மது அழுகை ஓயும்வரை காத்திருந்தார்.

“எனக்கும் தெரியும் மகள். படகு கவிழ்ந்த செய்தி வந்த அண்டைக்கே தெரியும். என்ட வாயால சொல்ல ஏலாமத்தான் உன்னையும் இவ்வளவு நாள் தொங்கவிட்டுட்டன். என்ன மன்னிச்சிக்க.”

பாய்களை அவரே கட்டினார். ஏழாவது பாயைக் கட்டி முடித்தபோது பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் றிம்சானின் பெயரைச் சொல்லித் தொழுகை நடந்தது. சுபைறா வீட்டில் இருந்தபடியே ஒலிபெருக்கியில் ‘அல்லாஹு அக்பர்’ என்ற நாலு தக்பீரையும் கேட்டாள். பிறகு இத்தாவுக்கான வெள்ளைச் சீலை உடுத்தாள்.

அஸருக்குப் பிறகு சீனிமுகம்மது வந்தார். மேசையடியில் செய்வதற்கு ஒன்றுமில்லை. “அவன்ட உடுப்பெல்லாம் எடுத்து வை மகள். இல்லாதவங்களுக்குக் குடுப்பம்” என்றார்.

எட்டு ஷர்ட், நாலு சாரம். அவள் மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். அவர் பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தபடி இறங்கினார். கடற்கரைத் தெருவில் சனம் போய்வந்து கொண்டிருந்தது. யாரோ ஸலாம் சொன்னார்கள், அவருக்குக் கேட்கவில்லை. அவர் தெரு முடக்கில் திரும்பும்வரை சுபைறா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.